ஒன்பது பொட்டு வைத்த டேப்

பிப்ரவரி 3

என் மகளுக்கு,

இங்கே நான் இருக்கிறேன். அங்கே நீ இருப்பாய். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு.

பீரோ மேலே இருந்த பச்சைப் பையைக் காணோம். நேற்று ஸ்டூல் போட்டு ஏறிக் கையை விட்டேன், தூசிதான் வந்தது. அம்மா போனபோது வந்து ஐந்து நாள் இருந்தாயே, நாலாவது நாள் மத்தியானம் ஸ்டூல் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது. பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதில் பதினான்கு வீடியோ டேப் இருக்கிறது.

இதை எழுதுவது கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மா. ஏன் கடிதம், போன் இருக்கிறதே என்பாய். போனைக் காதில் வைத்தால் தகர டப்பாவில் கல்லை உருட்டுவது போல இருக்கிறது. அதுவும் இல்லாமல் நீ எடுப்பதும் இல்லை. பதில் எழுதினால் இந்த அம்மாதான் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதுவும் கத்தித்தான் படிக்க வேண்டும். துணிக்கு அளவு கொடுக்க வருகிறவர்களெல்லாம் நம் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுப் போவார்கள். பார்த்து எழுது.

டேப் எல்லாம் பழசு. பூஞ்சை பிடித்திருக்கும். நீ வேலை செய்கிற ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தால் உங்கள் மிஷின் கெட்டுப்போகும், முதலாளி உன்னைத்தான் ஏசுவார்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு டேப் முதுகிலும் நீல மையால் பொட்டு வைத்திருக்கிறேன். ஒரு பொட்டு, உன் அண்ணன் ஓடிய பந்தயம். மூன்றாவதாக வந்தான், வலது ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. நாலு பொட்டு, உனக்கு முன்பல் விழுந்த வருஷம். மாடியில் தண்ணீர் பீய்ச்சி விளையாடுகிறீர்கள், என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எக்ஸ்ரேக்காரர் தன் கேமரா நனைகிறதென்று கத்துகிறார். ஏழு பொட்டு, உன் சித்தி கல்யாணம், நடுவில் கொஞ்ச நேரம் கேமரா தரையைக் காட்டும். எது எங்கே என்று கேள், சொல்கிறேன். எதற்கும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

ஒன்பது பொட்டு வைத்ததை மட்டும் போடாமல் திருப்பி அனுப்பு. அதில் ஒன்றும் இல்லை.

அப்பா


பிப்ரவரி 11

அப்பாவுக்கு,

பை என்னிடம்தான் இருக்கிறது. கேட்டால் தரமாட்டீர்கள் என்று கேட்காமல் எடுத்து வந்தேன்.

எல்லா டேப்பையும் டிவிடியில் ஏற்றப் போகிறேன். முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷினை எனக்கு விட்டுவிட்டார். பூஞ்சை மூன்று டேப்பில்தான் இருந்தது. பிரித்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, வேறு கூட்டில் மாட்டினேன். மற்றவற்றை ஒரு நாள் அறையிலேயே வைத்து, ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுத்தான் போடுகிறேன். அப்படிச் செய்தால் உள்ளே ஒட்டிக்கிடப்பது பிரியும், படம் ஆடாது.

கடைகளில் ஒரு தட்டில் ஆறு மணி நேரத்தைத் திணித்துக் கொடுப்பார்கள். முகம் எல்லாம் சதுரம் சதுரமாக உடையும். நான் ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம்தான் ஏற்றுகிறேன். குறுக்கு வழி கிடையாது அப்பா. டேப் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் எதிரே உட்கார வேண்டும். நடுவில் படம் கலங்கினால் நிறுத்தி, சரி செய்து, மறுபடி முதலிலிருந்து. இதுவரை ஐந்து முடிந்திருக்கிறது. ஷூ கயிறு அவிழ்ந்தது உண்மைதான்.

ஒன்பதை ஏன் திருப்பிக் கேட்கிறீர்கள்? அதில் என்ன இருக்கிறது என்று நம் குடும்பத்தில் தெரியாதவர்கள் இல்லையே. அண்ணன் வேலைக்குப் போவதற்கு முன் நண்பனை வைத்துத் தன்னை எடுத்து வைத்த கடைசிப் படம். அதன் மேல் நான் டிவி பாட்டு பிடித்து அழித்துவிட்டேனாம். பதினைந்து வயதில் செய்ததற்கு இன்றைக்கு முப்பத்தெட்டு வயதிலும் சித்தி பிள்ளைகளுக்கு நான் ‘ரப்பர்’. ‘ரப்பர் வந்திருக்கு, ஆல்பத்தை உள்ள வை’ என்று அம்மாவைக் கிடத்தியிருந்த அறையில்கூட ஒருத்தன் சொன்னான். நீங்களும் கேட்டீர்கள். அப்போது உங்கள் காது நன்றாகவே வேலை செய்தது, முகம் மாறியது.

நான் செய்யவில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? ‘அம்மா உன்ன மன்னிச்சிட்டான்னு சொல்லச் சொன்னா.’ செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். போனை ஏன் எடுப்பதில்லை என்றால் அதனால்தான்.

தையல்கார அம்மா இதைச் சத்தமாகவே படிக்கட்டும்.

உங்கள் மகள்


பிப்ரவரி 18

என் மகளுக்கு,

சத்தமாகத்தான் படித்தார். சட்டைக்குப் பொத்தான் காஜா எடுக்க வந்த ஒரு பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனது.

அம்மா சொன்னதைச் சொன்னேன். சாகப் போகிறவள் ஒன்று சொல்லச் சொன்னால் சொல்லாமல் இருக்க முடியுமா? அவள் கையைப் பிடித்திருந்தேன். ‘அவகிட்ட சொல்லிடுங்க, மனசுல ஒண்ணும் இல்ல’ என்றாள். சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாயோ அதை நானும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த ஒரு வாரமாக எனக்கு உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் படிக்கட்டு நினைவு வருகிறது, படியில் இறங்கினால் அடுப்பை அணைத்தேனா என்று இருக்கிறது. தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துவிடுகிறேன். ‘பெரியவரே, இருந்தா தரமாட்டனா’ என்கிறார்.

ஒன்பதில் பாட்டுதான் என்று நீயே சொல்கிறாய். பாட்டுக்கு எதற்கு ஒரு தட்டை வீணாக்க வேண்டும்? முடிந்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். எந்த பஸ் என்று மட்டும் எழுது. கண்டக்டரிடம் கேட்டு இறங்கிவிடுவேன்.

அப்பா


மார்ச் 2

அப்பாவுக்கு,

நீங்கள் வர வேண்டாம்.

பதின்மூன்று டேப் முடிந்துவிட்டது. நேற்று ஒன்பதைக் கையில் எடுத்தேன். இன்னும் போடவில்லை. மிஷினில் ஒரு ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது, புதிது வர வேண்டும். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை போடுவேன். ஆனால் போடாமலே ஒன்றைப் பார்த்தேன். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வீடியோ டேப்பின் முதுகில் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மிஷின் அந்த டேப்பில் எதையும் பதியாது. பொத்தானை அமுக்கினால் டேப்பை வெளியே தள்ளிவிடும். அழிக்கக் கூடாது என்று நினைக்கிற டேப்பில் உடைத்து வைப்பார்கள். ஒன்பதில் அது உடைந்திருக்கிறது. அண்ணன்தான் உடைத்திருக்க வேண்டும், ஏனென்றால் மேலே அவன் கையெழுத்தில், சிவப்பு மையில், ‘அழிக்காதே’ என்று எழுதியிருக்கிறது.

அந்த ஓட்டையை யாரோ அடைத்திருக்கிறார்கள். செல்லோடேப் இல்லை. ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. துணி மாதிரி, பழுப்பு நிறம், நாலு மூலையும் வளைவாக வெட்டியிருக்கிறது. மூலை கூராக இருந்தால் உரிந்துவிடும் என்று நான் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொள்ளும்போதெல்லாம் அப்படித்தான் வெட்டி ஒட்டுவீர்கள்.

பதினைந்து வயதில் எனக்கு அந்த நாக்கு எதற்கு என்று தெரியும். நான் பாட்டு பிடிக்கிற டேப் வேறு, அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதை ஒட்டியது யார்?

மகள்


மார்ச் 7

என் மகளுக்கு,

பிளாஸ்திரி நம் வீட்டில் எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. எக்ஸ்ரேக்காரர் அடிக்கடி வருவார், அவரும் ஒட்டியிருக்கலாம். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது, கேட்கவும் முடியாது. எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

அப்பா

(அவர் சொல்லாததை எழுதுகிறேன், மன்னிக்கவும். இதற்கு முன் இரண்டு கடிதம் சொல்லி எழுத வைத்து, இரண்டையும் கிழிக்கச் சொன்னார். ஞாபகம் இல்லை என்று அவர் வாயால் நான் கேட்பது இதுதான் முதல் தடவை. — தையல் கடை)


மார்ச் 10

என் மகளுக்கு,

போன கடிதத்தைத் தூக்கிப் போடு. ஞாபகம் இருக்கிறது. ஒட்டியது நான்.

இதைச் சொல்லத் தொடங்கியதும் தையல்கார அம்மா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். நல்ல மனுஷி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நீயும் அம்மாவும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தீர்கள். உன் அண்ணன் வேலைக்குப் போய்ப் பதினோரு நாள். ஆஸ்பத்திரியில் ஏழு மாடிப் புதுக் கட்டடம் திறந்தார்கள். அதற்கு முன் நான் ஓட்டியது இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு லிஃப்ட். இது தானாகத் திறக்கும், இருந்தாலும் திறந்துவிட ஒரு ஆள் வேண்டுமாம். இருபத்திரண்டு பேரில் என்னைப் பொறுக்கினார்கள். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை கொடுத்தார்கள். டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒருத்தர், ‘சாயங்காலம் செய்தியில வருவீங்க, பாருங்க’ என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். பிடித்து வைத்து உங்களுக்குக் காட்ட வேண்டும். வேறு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன், எனக்கும் என்னைப் பார்க்க வேண்டும். அலமாரியில் தேடினேன். எட்டு டேப்பில் பொட்டு இருந்தது, உன் பாட்டு டேப்பில் பூ ஒட்டியிருந்தாய். ஒன்றில் மட்டும் பொட்டும் இல்லை, பூவும் இல்லை. சிவப்பாக ஏதோ கிறுக்கியிருந்தது. என் கணக்கில் பொட்டு இல்லையென்றால் காலி டேப். படித்தவர்களுக்கு எழுத்து எப்படியோ அப்படித்தான் எனக்கு என் பொட்டு. அது என்ன எழுதியிருக்கிறது என்று எதிர் வீட்டில் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம். கேட்கவில்லை.

மிஷினில் போட்டேன், துப்பியது. மறுபடி போட்டேன், மறுபடி துப்பியது. திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் ஓட்டை. உடைந்த சாமான் என்றுதான் நினைத்தேன். உடைந்ததைச் சரி செய்வது எனக்குக் கை வந்த வேலை. வெட்டி ஒட்டினேன். உடனே எடுத்துக்கொண்டது. ‘பாத்தியா’ என்று மிஷினிடம் சொன்னேன்கூட.

செய்தி தப்பிவிடக் கூடாது என்று அரை மணி முன்னாலேயே சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டேன். அதனால்தான் முதலில் பாட்டு. உன் அண்ணன் இறந்து ஒரு மாதம் கழித்து அம்மா அந்த டேப்பைத் தேடி எடுத்துப் போட்டபோது பாட்டு வந்தது. ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, அணைத்தாள். கையில் இருந்த டப்பாவால் உன்னை அடித்தாள். ‘அண்ணன அழிச்சிட்டியேடி’ என்றாள். நீ என்னைப் பார்த்தாய். அன்றைக்கு நீ போட்டிருந்தது மஞ்சள் கட்டம் போட்ட பாவாடை, இடது பக்கம் கொக்கி போய் ஊக்கு குத்தியிருந்தாய். நான் குழாய் சொட்டுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

குழாய் சொட்டவில்லை.

அரை மணி பாட்டு, பதினோரு நிமிஷம் செய்தி, அதன் கடைசியில் லிஃப்ட் கதவு திறக்கும். ஒரு கை, ஒரு தோள், பாதி முகம். மூன்று எண்ணுவதற்குள் போய்விடும். அது நான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்திவிடு.

அப்பா


மார்ச் 16

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை மாலை வந்தது. படித்தேன். ஞாயிறு காலை டேப்பைப் போட்டேன்.

அரை மணி நேரம் பாட்டு. ஓட்டிவிடவில்லை, முழுதும் உட்கார்ந்தேன். அந்தப் பாட்டையெல்லாம் நான் இருபத்து மூன்று வருஷமாக எங்கே கேட்டாலும் காதைப் பொத்துவேன். பிறகு செய்தி. பிறகு நீங்கள். சட்டை உங்களுக்குத் தோளில் பெரிது. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதல் தடவையாக ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று இருந்தேன் அப்பா. சனிக்கிழமை ராத்திரி முழுதும் அப்படித்தான் இருந்தேன்.

நீங்கள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நான் நிறுத்தவில்லை. டேப் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தேனே. உங்கள் தோளுக்குப் பிறகு படம் ஒரு தரம் கலங்கியது. கலங்கி நின்றதும், அண்ணன்.

நாலு நிமிஷம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருக்கிறான். ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு.

முதலில் எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு இது தெரியாது போலிருக்கிறது, சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் முதலாளி வந்து பார்த்தார். ‘மத்தது எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, கடைசி நாலு நிமிஷம் மட்டும் ஏம்மா இப்படித் தேஞ்சிருக்கு’ என்றார். வெள்ளைக் கோடு கோடாக விழுகிறது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால்தான் அப்படி ஆகும் என்கிறார். பத்துத் தடவை இருபது தடவை இல்லையாம். நூற்றுக் கணக்கில்.

நம் வீட்டில் ஒன்பதாவது டேப்பைத் தொடுகிற ஆள் யார்? அம்மா அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நீங்கள் தெரியாமல் அழித்ததை நான் விட்டுவிடுவேன். என்னை அடித்தபோது எழுந்து போனதைக்கூட, கஷ்டப்பட்டு, என்றைக்காவது. ஆனால் அவன் இருந்தான். நாலு நிமிஷம் உயிரோடு இருந்தான். வேலைக்குக் கிளம்பியபோது இருந்த அவன் முகம் அசைவதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அம்மா எத்தனை வருஷம் சொன்னார். அவர் படுக்கிற இடத்திலிருந்து எட்டடி தள்ளி, பீரோ மேலே இருந்தான்.

எனக்கு விளக்கம் வேண்டாம். இத்துடன் அந்தத் தட்டை வைத்திருக்கிறேன். சித்தி வீட்டில் பிளேயர் இருக்கிறது. நேரில் போய், அவர்களை உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசி வரை காட்டுங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள். அது வரை எழுத வேண்டாம்.


மார்ச் 30

என் மகளுக்கு,

போனேன். சொன்னேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தட்டைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். சித்தியும் அவள் மூத்த மகனும் இருந்தார்கள், உன்னை ரப்பர் என்றவன்தான். அவன்தான் போட்டுவிட்டான். பாட்டு ஓடியது. உன் சித்தி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

‘என்ன அத்தான், பாட்டுப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?’

‘உக்காரும்மா.’

‘இது அந்தப் பாட்டுல்ல? அவ அழிச்சது. இத எதுக்கு இப்ப தோண்டி எடுத்துக்கிட்டு வந்தீங்க? டேய், அணைடா.’

‘அணைக்காத. அன்னைக்கு உங்கக்கா அணைச்சா. அதுலதான் எல்லாம் போச்சு. உக்காரு.’

நான் உன் சித்தியை அதட்டியது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் மூன்று பேரும் பாட்டுப் பார்த்தோம். அதைவிட நீளமான அரை மணி என் ஆயுசில் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எழுந்து போய்விடக் கூடாது என்று. பிறகு லிஃப்ட் கதவு திறந்தது.

‘அது நீங்கதான பெரியப்பா’ என்றான் பையன்.

‘நான்தான். இத நான்தான் பிடிச்சேன். அவ இல்ல. அவ அன்னைக்கு உங்க வீட்டுல, உன்னத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா.’

அதற்குள் திரையில் உன் அண்ணன் வந்துவிட்டான், ஒரு கன்னத்தில் சோப்போடு. சித்தி எழுந்து திரை கிட்டே போய் நின்றாள். நாலு நிமிஷமும் நின்றாள். முடிந்ததும் திரும்பவில்லை.

‘அக்காவுக்கு இது தெரியுமா?’

‘தெரியாது.’

‘உங்களுக்கு?’

‘அன்னைக்கே தெரியும்.’

அவள் அழவில்லை. கோபத்தில் கத்தவும் இல்லை, என் காதுக்கு எட்டுகிற அளவுக்குத்தான் குரலை உயர்த்தினாள். ‘கிளம்புங்க அத்தான்’ என்றாள். தண்ணீர் கொடுக்க வந்த பையனிடம், ‘வேணாம், உள்ள கொண்டு போ’ என்றாள். கிளம்பினேன். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது, நடந்துகொண்டே இருந்தேன்.

விளக்கம் வேண்டாம் என்றாய். இது விளக்கம் இல்லை, கணக்கில் விட்டுப்போனது. அன்றைக்குச் சாயங்காலமே என்னைப் பார்க்கலாம் என்று திரும்பச் சுற்றிப் போட்டேன். என் தோளைப் பார்த்துவிட்டு அப்படியே ஓட விட்டேன், அவன் வந்தான். லீவில் வரும்போது சொல்லிவிடலாம், திட்டினால் திட்டட்டும், மறுபடி எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். இருபத்தாறு நாள் அப்படியே இருந்தேன். அப்புறம் அவனை லாரி அடித்த தந்தி வந்தது.

அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றால் பாட்டுக்கும் அவனுக்கும் நடுவில் நான் நிற்கிறேன். என்னைத் தாண்டாமல் அவனிடம் போக முடியாது. என்னை ஓட்டிவிட்டு அவனை மட்டும் காட்டலாம் என்று முதல் வருஷம் நினைத்தேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பாளே. அடுத்த வருஷம் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. வருஷம் ஏற ஏற அதன் பக்கமே போக முடியவில்லை. வியாழக்கிழமை அவள் மார்க்கெட் போவாள், திரும்ப ஒன்றரை மணி ஆகும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் மட்டும் பார்த்தேன். மிஷின் ரிப்பேர் ஆகும் வரை பார்த்தேன்.

அவளுக்குச் சேர வேண்டியதை நான் ஒருத்தனே தின்றேன். அவள் கொடுத்தனுப்பிய மன்னிப்பும் எனக்குரியது, அதைக் கொண்டுபோய் உன்னிடம் நீட்டினேன். அதனால் அந்த வார்த்தையை இந்தக் கடிதத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எழுத வேண்டாம் என்றால் எழுதவில்லை.

அப்பா


ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

சித்தி போன் செய்தார். ரப்பர் என்று இல்லாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் மகனும் வாங்கி ஏதோ உளறினான். நான் ‘சரி’ என்று மட்டும் சொன்னேன். இத்தனை வருஷம் காத்திருந்தது வந்ததும் வைக்க இடம் இல்லாத சாமான் போல இருக்கிறது.

உங்கள் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன், கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

கடைசி நாலு நிமிஷத்தை நாலு விதமாக ஏற்றிப் பார்த்துவிட்டேன். வேறு மிஷின் கொண்டுவந்து போட்டோம். முதலாளி, கோடுகளைக் கொஞ்சம் மங்க வைத்தார், முகம் தெளிவாக இருக்கிறது. உங்களையும் பாட்டையும் வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருப்பது இருப்பதுபோல் இருக்கட்டும்.

ஆனால் குரல் போய்விட்டது. ஒலி டேப்பின் விளிம்பில்தான் பதிவாகும், அந்த விளிம்பு தேய்ந்து சுருண்டிருக்கிறது. அவன் வாய் அசைகிறது, இரைச்சல்தான் கேட்கிறது. நண்பனிடம் ஏதோ சொல்கிறான். அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி வேறு யாரிடமோ பேசுகிறான், சிரிக்கிறான். கதவு கொஞ்சம் அசைகிறது. யார் என்று தெரியவில்லை. எந்த மிஷினாலும் அந்த ஒலியைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள்.

தேய்ந்தது உங்களால். தேய்வதற்கு முன் கேட்டவரும் நீங்கள் ஒருவர்தான். உங்கள் காதும் அப்போது நன்றாக இருந்தது.

அவன் என்ன சொல்கிறான்? நல்லதாக எதையும் சேர்க்க வேண்டாம். இருந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

மகள்


ஏப்ரல் 11

என் மகளுக்கு,

சேர்க்கவில்லை. ஒரு வார்த்தையும் விடவில்லை. ‘ஏதாவது அன்பாச் சொன்னதா எழுதட்டுமா’ என்று தையல்கார அம்மா கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

சோப்புக் கிண்ணம் ஜன்னல் கட்டையில் இருக்கிறது. கேமரா பிடிப்பது அவன் நண்பன். முதலில் அவனிடம், ‘கிட்ட வராதடா, மூக்கு பெருசாத் தெரியும்’ என்கிறான். நண்பன் சிரிக்கிறான். கன்னத்தை இழுத்து இழுத்துச் சவரம் செய்கிறான். ‘பிளேடு மொட்டை’ என்கிறான். பிளேடைக் கழுவுகிறான், தண்ணீர் சத்தம். ‘வேலைக்குப் போய் மொத மாசம் ஒரு நல்ல பிளேடு வாங்கணும்.’ நண்பன், ‘அவ்வளவுதானா உன் ஆசை’ என்கிறான். ‘அவ்வளவுதான்’ என்கிறான்.

அதற்கப்புறம் கதவுப் பக்கம் திரும்புகிறான்.

‘ஏய் வாத்து, அங்க என்ன ஒளிஞ்சு நின்னு பாக்குற? உள்ள வா.’

உன் நடையை வைத்து அவன் ஒருத்தன்தான் உன்னை அப்படிக் கூப்பிடுவான். அவனுக்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, அதனால் நீ மறந்திருப்பாய்.

வெளியிலிருந்து உன் குரல்: ‘போ, நான் தலையே சீவல.’

‘எவன் பாக்கப் போறான்? நீயும் நானும்தான் பாக்கப் போறோம். வா, பக்கத்துல நில்லு.’

‘இரு, சீவிட்டு வரேன்.’

நண்பன், ‘பேட்டரி தீருதுடா’ என்கிறான்.

‘ஏய், பேட்டரி தீருதாம். அப்படியே வா.’

என்னைப் பற்றி எதுவும் இல்லை. அம்மாவைப் பற்றியும் இல்லை. அவன் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான், சோப்பு காய்ந்துகொண்டிருக்கிறது. கதவு ஒரு சாண் திறக்கிறது. விளிம்பில் நாலு விரல் தெரியும், அதோடு டேப் முடிந்துவிடும்.

அது நீ.

அப்பா